தரையில் வைத்து முறுக்கிய செயின்

புரட்டாசி 17, வியாழன்

நேற்று சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. ஒன்பது ஏக்கர் கரிசல் காடும் குளிர்ந்து கிடக்கிறது. நாளை மதியத்துக்குள் விதைக்கப் பதம் வந்துவிடும்.

இந்த டைரி உரக்கடையில் சும்மா கொடுத்தது. முதல் பக்கத்தில் வெயிலு என்று என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். "மனசுல இருக்கிறத இதுல எழுதும்மா, அப்பாகிட்டக் கொட்டாத" என்று மகள் சுபாஷினி சொல்லியிருக்கிறாள். அவளைச் சாத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தினமும் போன் பண்ணுகிறாள். நான் சாப்பிட்டேனா என்று ஒரு நாளும் கேட்பதில்லை. அப்பா சாப்பிட்டாகளா, அப்பா தூங்குனாகளா, அவ்வளவுதான் கேள்வி. பெற்றவள் நான் ஒருத்தி இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது.

காலையில் கோதண்டம் முதலாளி மதுரையிலிருந்து பேசினார். காடு அவருடையது, குத்தகை நம்முடையது. அக்கம்பக்கத்துக் காடெல்லாம் சோலார் கம்பெனிக்குப் போய்விட்டது, அவருடையதையும் கேட்டு அரித்தெடுக்கிறார்களாம். "வர்ற திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கள் வருவேன்மா. வெதச்சிருந்தா நான் கை வைக்க மாட்டேன். தரிசாக் கிடந்தா கையெழுத்துப் போட்டுருவேன். அப்புறம் என்னயக் குறை சொல்லக்கூடாது" என்றார்.

நியாயமான பேச்சுதான். விதை விழுந்த காட்டை அறுவடை வரைக்கும் யாரும் கேட்கக் கூடாது என்பது இந்தப் பக்கத்து வழக்கம். அப்பன் மகனிடம்கூடக் கேட்க மாட்டான். அதனால் எப்பாடு பட்டாவது விதைத்துவிட வேண்டும். இந்தக் காடு போனால் நான் மறுபடி தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போக வேண்டும். பதினோரு வயதில் குச்சி அடுக்கின விரல் இது. செத்தாலும் அங்கே போக மாட்டேன்.

போன வருடம் மக்காச்சோளத்துக்கு அடித்த படைப்புழு மருந்து அரை டப்பா மீதி இருந்தது. அதை அடுத்த தெரு ரத்தினத்தாய் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். அந்த வாடை எனக்குத் தலைவலி.

புரட்டாசி 18, வெள்ளி

பிள்ளையாருக்கு ஒரு சூடத்தைக் கொளுத்திவிட்டு வீட்டுக்காரரும் நானும் காட்டுக்குப் போனோம். ஒரு நடை போய்த் திரும்பக்கூட முடியவில்லை.

நடந்தது இதுதான். டிராக்டருக்குப் பின்னால் இரண்டு இரும்புக் கைகள் இருக்கின்றன. விதைக் கலப்பையைத் தூக்குவதும் இறக்குவதும் அந்தக் கைகள்தான். கை இடமும் வலமும் ஆடாமல் இருக்க கைக்கொரு செயின். ஷோரூம்காரன் அதை ஸ்டெபிலைசர் என்பான், நமக்குச் செயின்தான். செயினின் நடுவில் ஒரு திருகு. அதை முறுக்கினால் செயின் விறைக்கும், தளர்த்தினால் தொங்கும். செயினின் மறு நுனி டிராக்டர் அடியில் ஒரு இரும்புக் காதில் மாட்டியிருக்கும்.

உழவுக்கு அது கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை. விதைப்புக்கு இரண்டு விரல் ஆட்டத்துக்கு மேல் கூடாது. கலப்பை ஆடினால் விதைக்கோடு பாம்பாக நெளியும். அப்புறம் களையெடுக்கும் கலப்பை உள்ளே போகாது.

இவர்தான் செயினை முறுக்கினார், இவர்தான் ஓட்டினார். வரப்பு ஓரத்தில் திரும்பக் கலப்பையைத் தூக்கினார். படாரென்று ஒரு சத்தம். வலப்பக்கக் காது பிய்ந்து, கலப்பை வீசிப்போய் டயரில் இடித்தது. இவர் இறங்கி வந்து பார்த்தார். "போச்சு" என்றார். கோபமும் இல்லை, பதற்றமும் இல்லை. இட்லி தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில், சோலார் கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுப்பதாகப் பேசிக்கொண்டு வந்தார். நான் காது கொடுக்கவில்லை.

புரட்டாசி 20, ஞாயிறு

விளாத்திகுளம் ரோட்டில் ஆசீர் பட்டறை. நேற்றுப் பூராவும் அங்கேதான் காத்துக் கிடந்தோம். ஊரிலுள்ள கலப்பையெல்லாம் அவன் வாசலில்தான் நிற்கிறது. ஒருவழியாகக் காதை ஒட்ட வைத்துக் கொடுத்தான்.

இன்று காலை நான் ஓட்டினேன். இவருக்கு இடுப்பு வலியாம், கலப்பைக்குப் பின்னால் பலகையில் நின்று விதை இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தார். நாலு நடை பொன்னாகப் போனது. கோடு கயிறு பிடித்த மாதிரி விழுந்தது. எனக்குச் சந்தோஷத்தில் பாட்டு வந்துவிட்டது, பாடவும் செய்தேன். இவர் சிரிக்கவில்லை.

வேப்ப மரத்தடியில் கஞ்சி குடித்தோம். நான் ஏனம் கழுவப் போனேன். இவர் செயினை ஒரு பார்வை பார்த்து வருகிறேன் என்று எழுந்து போனார். அப்புறம் ஐந்தாவது நடை. வரப்பு ஓரத்தில் தூக்கினேன். இடப்பக்கக் காது போய்விட்டது.

நேரே ஆசீரிடம் போய்க் கத்தினேன். "என்னத்தடா ஒட்டுன? வெல்டிங்கா வச்ச, வெல்லப்பாகா வச்ச?"

"யக்கா, நான் ஒட்டுனது வலது காது. அது நிக்குது பாருங்க. பிஞ்சது இடது."

"அப்ப அது ஏன் பிஞ்சுச்சு?"

அவன் பிய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். "இது துரு இல்ல, தேய்மானமும் இல்ல. இழுத்துப் பிச்சிருக்கு. கலப்ப தரையில கிடக்கும்போது செயின விறைப்பா முறுக்கிட்டு அப்புறம் தூக்குனா இப்பிடித்தான் பிய்யும். தூக்கத் தூக்கச் செயின் இழுபடும்லாக்கா. மேல தூக்கி வச்சுல்ல முறுக்கணும்."

எனக்கா தெரியாது? கல்யாணமான புதிதில் இவர்தான் அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "தூக்கி வச்சு முறுக்கு, இறக்கி வச்சு முறுக்குனா காது போயிரும்" என்று மண்டையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார். இருபத்திரண்டு வருடமாகச் செயின் முறுக்குகிறவருக்கு ஆசீர் பாடம் எடுக்கிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தன் வேலையில் பழுது வைத்துக்கொண்டு பழியை ஓட்டுகிறவன் தலையில் போடுகிறான்.

இவர் பக்கத்திலேயே நின்றார். ஆசீர் சொன்னதற்கு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பெருந்தன்மை.

புரட்டாசி 21, திங்கள்

செயின் இல்லாமலே ஓட்டிப் பார்த்தேன். குடிகாரன் பின்னால் போகிற நாய் மாதிரி கலப்பை அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்தது. ஒரு கோடு இன்னொரு கோட்டில் ஏறிவிட்டது. விதை வீண். நிறுத்திவிட்டேன்.

மேல்மண் காய ஆரம்பித்துவிட்டது.

புரட்டாசி 22, செவ்வாய்

வேறு டிராக்டர் கேட்டு நாலு ஊர் அலைந்தேன். பதமான நேரத்தில் எவன் வருவான்? "எங்க காட்ட முடிச்சுட்டு வாரேன் தாயி" என்கிறார்கள். அவர்கள் முடித்து வருவதற்குள் இங்கே மண் ஓடாகிவிடும்.

திரும்பி வரும்போது டீக்கடையில் இவர். பக்கத்தில் சோலார்காரன், கழுத்தில் அட்டை தொங்கவிட்டவன். இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டார். டீ குடிப்பதில் என்ன தப்பு? குடிக்கட்டும்.

சுபாஷினி பேசினாள். அப்பா நல்லாத் தூங்குறாகளா என்றாள். தூங்குறாக என்றேன்.

புரட்டாசி 23, புதன்

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

ஆசீர் இடக் காதையும் ஒட்டிக்கொடுத்தான். காலையில் நானே கலப்பையைத் தூக்கி வைத்து, இரண்டு பக்கமும் சமமாகத் திருகி, திருகு தளராமல் இருக்க நட்டை இறுக்கினேன். கையால் ஆட்டிப் பார்த்தேன். இரண்டு விரல் ஆட்டம், சரியான கணக்கு. கலப்பையை இறக்கி வைத்துவிட்டு விதை மூட்டை எடுக்க வீட்டுக்குப் போனேன். போனவள் பாதி வழியில் திரும்பினேன். ஏன் திரும்பினேன் என்று கேட்டால் சாவி மறந்துவிட்டது என்று சொல்லத் தயாராக இருந்தேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

இவர் டிராக்டருக்கும் கலப்பைக்கும் நடுவில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்பானர். கலப்பை தரையில். திருகு சுற்றுகிற சத்தம் கேட்டது.

நான் நேரே போய் சீட்டில் ஏறி உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"முடிஞ்சிருச்சா?" என்றேன்.

"ம்."

"தூக்கவா?"

நான் தூக்குகிற லீவரில் கை வைத்தேன். இவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. தூக்கினால் காது பிய்யும், கலப்பை வீசும், வீசினால் இவருடைய கால் இருக்காது. அது இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"தூக்காத" என்றார்.

"ஏன்?"

"தூக்காத வெயிலு. பிஞ்சிரும்."

வண்டியை நிறுத்திவிட்டேன். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? முதல் நாள் அந்தப் 'போச்சு' கேட்டபோதே எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி ஆசீரைத் திட்டிக்கொண்டு அலைந்தேன்.

இறங்கிப் போய் இவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். ஊர் உலகத்தில் புருசன்மார் குடித்து அழிப்பார்கள், சீட்டாடி அழிப்பார்கள், விதைக்கிற கலப்பையை உடைக்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். நான் மூச்சு வாங்க நின்றபோதுதான் பேசினார்.

"வெதைப்போம். மொளைக்கும். பொறவு புழு வரும். இல்லாட்டிப் பன்னி வரும். மழ வராது, வந்தா நிக்காது. நான் தெனமும் வந்து பாத்துக்கிட்டு நிக்கணும். என்னால முடியாது வெயிலு. இன்னொரு வருசம் பாத்துக்கிட்டு நிக்க எனக்குத் தெம்பில்ல."

"எனக்கு மட்டும் இருக்கா?"

"ஒனக்கு இருக்கு. போன தை மாசம் இந்த வேப்ப மரத்தடியிலருந்து என்னய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனீயே. இன்னொருக்கத் தூக்கிட்டுப் போவியா?"

போன தை மாதத்தைப் பற்றி இந்த டைரியில் எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன். மருந்து டப்பா வாடை எனக்கு ஏன் தலைவலி என்றும் எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

கலப்பையைத் தூக்காமலே திருகைத் தளர்த்தினேன். இவர் மறுபக்கத்துத் திருகைத் தளர்த்தினார்.

புரட்டாசி 24, வியாழன்

சோறு பொங்கினேன். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தின்றோம்.

புரட்டாசி 25, வெள்ளி

விதைத்துவிட்டேன்.

ஆமாம், விதைத்துவிட்டேன். யார் என்ன நினைத்தாலும் சரி. மேலே இரண்டு அங்குலம் காய்ந்திருந்தாலும் கீழே ஈரம் இருந்தது. அன்றைக்கு அரைகுறையாக விழுந்த கோடுகளையும் கிளறி அழித்துவிட்டு, கொழுவைக் கொஞ்சம் ஆழமாக இறக்கினேன். செயினை நானே முறுக்கினேன், கலப்பையைத் தூக்கி வைத்து. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் ஒன்பது ஏக்கர். ஒரு காதும் பிய்யவில்லை.

கூட வராவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் கிளம்பினேன். இவர் வந்தார். பலகையில் ஏறி நின்று, குழாய் அடைத்துக்கொண்ட இடத்திலெல்லாம் குச்சியால் குத்திவிட்டார். ஒரு இடத்தில் விதை இறங்கவில்லை என்று என்னை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய்க் கையாலேயே போட்டுவிட்டு வந்தார். உடைக்க நினைக்கிறவர் இதைச் செய்ய வேண்டியதில்லை. மனுசனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை முதலாளி வரட்டும். காடு தை மாதம் வரைக்கும் நம்முடையது. ஜெயித்துவிட்டேன்.

புரட்டாசி 26, சனி

விடியக்காலையில் தூறல். நல்ல தூறல், விதைக்கு ஏற்றது. விதைக்கோடெல்லாம் அமுங்கிக் காடு மட்டமாகிவிட்டது. பார்த்தால் சும்மா உழுது போட்ட மாதிரி இருக்கிறது.

இவர் இன்று சவரம் பண்ணிக்கொண்டார். ரொம்ப நாளாக ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தார். சாத்தூருக்குப் பஸ் ஏறிப்போய் சுபாஷினியைப் பார்த்துவிட்டு வந்தார், கருப்பட்டி மிட்டாய் வாங்கிக்கொண்டு போனாராம். அவள் சந்தோஷமாகப் பேசினாள். "அப்பா தெளிஞ்சுட்டாகம்மா" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ராத்திரி இரண்டு தடவை எழுந்து இவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்தேன்.

புரட்டாசி 27, ஞாயிறு

தண்ணீர்க் குழாயடியில் ரத்தினத்தாய் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"மதினி, அண்ணன் நேத்துச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாக. அந்த மருந்து டப்பாவக் கேட்டாக."

"எதுக்காம்?"

"படப்புழுவுக்குன்னாக. இன்னும் மொளைக்கவே இல்லையே அண்ணேன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டாக."

"குடுத்தியா?"

"எனக்கென்ன கிறுக்கா? காலி பண்ணிட்டேன்னு சொல்லிட்டேன். இன்னைக்கு ஓடைக்கரையில குழி தோண்டி எங்க வீட்டுக்காரரு பொதச்சுட்டாரு."

குடத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். இவர் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், குழம்புக்கு. "ஏன் இப்பிடி ஓடியார?" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயத்தைச் சொல்லிக்கொள்ளலாம். இந்த ஊரில் ஒரு டப்பாவைப் புதைக்கலாம். விளாத்திகுளத்தில் எத்தனை கடை இருக்கிறது, எல்லாவற்றையும் நான் புதைக்க முடியுமா?

புரட்டாசி 28, திங்கள்

கோதண்டம் முதலாளி காரில் வந்தார். கூடவே கழுத்தில் அட்டை தொங்கவிட்டவனும் வந்தான். வரப்பில் நின்று காட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். மட்டமான கரிசல், ஒரு பச்சை இல்லை.

"உழுத மாதிரி இருக்கு. என்ன சோலையப்பா, வெதச்சாச்சா?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கப்போனார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். வெதச்சாச்சு என்று உண்மையைத்தான் சொல்லியிருப்பார். எனக்காகச் சொல்லியிருப்பார், சொல்லிவிட்டு எத்தனை நாள் இருந்திருப்பார்?

"இல்ல முதலாளி" என்றேன். "உழவு மட்டுந்தான். செயின் காது பிஞ்சுபோச்சு. வெதைக்க முடியல."

இவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"நெசமாத்தான் சொல்றியாம்மா? வெதச்சிருந்தா சொல்லு. நான் வாக்கு மீற மாட்டேன்."

"வெதக்கல முதலாளி. ஆசீர் பட்டறையில வேணும்னா கேட்டுப் பாருங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஒன்பது ஏக்கர் மக்காச்சோளத்தை மண்ணுக்குள் வைத்துக்கொண்டு மறைத்தேன். அவர் காலடியிலேயே விதை கிடந்தது. முதலாளி பெருமூச்சு விட்டார், அவருக்கும் ஒரு பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது. காரின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். இவருக்கு அடுத்த மாதத்திலிருந்து வாட்ச்மேன் வேலை என்று அந்த அட்டைக்காரன் சொன்னான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதேன். இவர் கதவைத் தட்டவில்லை. வெளியிலேயே உட்கார்ந்திருந்தார். இவர் இருமுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்கக் கேட்கத்தான் என் அழுகை நின்றது.

ஐப்பசி 1, வியாழன்

முளைத்துவிட்டது.

விடிகிற நேரத்தில் பார்த்தால் படுக்கையில் இவர் இல்லை. செருப்புக்கூடப் போடாமல் காட்டுக்கு ஓடினேன். வேப்ப மரத்தடியில் இல்லை. வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கத்துவதற்கு வாயைத் திறந்தவள், காட்டைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

ஒன்பது ஏக்கரும் பச்சை. ஊசி ஊசியாக, கோடு கோடாக, இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரைக்கும். சும்மா சொல்லக் கூடாது, நான் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து இந்தக் காடு ஒரு வருடமும் இப்படி முளைத்ததில்லை. அள்ளி மடியில் கட்டிக்கொண்டு போகிற பொருளாக இருந்தால் கட்டிக்கொண்டு போயிருப்பேன். ஊருக்கே என் பொய் தெரிந்துவிட்டது. ரோட்டில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காத மாதிரி போனார்கள்.

"ஒரு கோடுகூடக் கோணல் இல்ல" என்றார் இவர். "செயின் நல்லா நின்னுருக்கு."

"ம்."

"வெதச்சாச்சுன்னு சொல்லிருக்கலாம்ல. ஒங் காடு ஒனக்கு நின்னுருக்கும்."

"சொல்லிருந்தா நீங்க நின்னுருப்பீகளா?"

குனிந்து ஒரு முளையை விரலால் தொட்டார். மழுப்புவார், இல்லை கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"தெரியல" என்றார்.

இத்தனை மாதத்தில் இவர் என்னிடம் சொன்ன முதல் உண்மை அதுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது. அதைத் தேய்த்துவிட்டேன். தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாலும் போகிறேன், குச்சியும் அடுக்குகிறேன், இந்தக் கை சூடாக இருந்தால் போதும் என்று தோன்றியது. தோன்றியதைச் சொல்லவும் செய்தேன். இவர் உடைந்துபோய் அழுதார். நானும் அழுதேன். வெயில் ஏறுகிற வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.

எழுந்திருக்கும்போது, "மண்ணத் தள்ளுற மிஷினு எப்ப வருதாம்?" என்று கேட்டார்.

"கார்த்திக பொறந்துதான்னு அட்டக்காரன் சொன்னான்."

"அதுவரைக்கும் தெனமும் வந்து பாப்பமா?"

நாளைக்கும் வருவோம் என்றேன்.